பிள்ளைக்குக் கணக்கு



ஜூன் மாதம் பிறந்தால் கோவில்பட்டி பஸ் நிலையத்தில் டிரங்குப் பெட்டியும் தட்டும் பாயுமாகப் பிள்ளைகள் நிற்பதைக் காண்கிறோம். நம் கரிசல் பூமி மானாவாரி பூமி. மழை தப்பினால் உளுந்துமில்லை, பருத்தியுமில்லை. பிள்ளையாவது நாலெழுத்துப் படித்து மேலே வரட்டும் என்று தாய் தகப்பன் மனதைக் கல்லாக்கிக்கொண்டு போர்டிங்கில் விடுகிறார்கள். "சாமிமார் நடத்துகிற போர்டிங், கன்னியாஸ்திரீகள் நடத்துகிற விடுதி, அதற்குமேல் என்ன விசாரிக்க வேண்டும்?" என்பது அவர்கள் சொல்லும் வார்த்தை.

இந்த நம்பிக்கை பெரிய நம்பிக்கை. பெரியதாய் இருப்பதினாலேயே அதற்குக் கணக்கும் பெரியது. விடுதிகளைப் பார்வையிட அரசாங்க அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் நம்மவர் சிலர் முகஞ்சுளிக்கிறார்கள். "நம்முடைய பள்ளியைச் சோதிக்க இவர்கள் யார்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு விடையாக ஒரு பள்ளியின் சரித்திரத்தைச் சொல்லுகிறேன்.

இங்கிலாந்து தேசத்தில் வட யார்க்ஷையரில் ஆம்பிள்போர்த் என்ற இடத்தில் கத்தோலிக்க போர்டிங் பள்ளி ஒன்று உண்டு. பிரெஞ்சுப் புரட்சியினால் பிரான்சை விட்டுத் துரத்தப்பட்ட அர்ச். ஆசீர்வாதப்பர் சபைச் சந்நியாசிகள் 1802-ல் அங்கே குடியேறி, மடத்தோடு பள்ளியையும் வளர்த்தார்கள். இங்கிலாந்துக் கத்தோலிக்கருக்குள் அதற்கு மிகுந்த கீர்த்தி. அங்கே இடம் கிடைப்பது பாக்கியம் என்று பெற்றோர் எண்ணினார்கள்.

2018 ஆகஸ்டு மாதத்தில் அந்தக் கீர்த்தியின் திரை விலகியது. பிள்ளைகளுக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமைகளை ஆராய்ந்த சுதந்திர விசாரணைக் குழு, ஆம்பிள்போர்த் பள்ளியையும், அதே சபையாரின் டவுன்சைடு பள்ளியையும் பற்றித் தன் அறிக்கையை வெளியிட்டது. 40 ஆண்டுகளாக நடந்த கொடுமைகள் அதில் எழுதப்பட்டிருந்தன. இவ்விரு பள்ளிகளோடு சம்பந்தப்பட்ட 10 பேர், பெரும்பாலும் சந்நியாசிகள், சட்டப்படி தண்டனையோ எச்சரிக்கையோ பெற்றவர்கள். பிள்ளைகளைக் காப்பதைவிடச் சந்நியாசிகளையும் பள்ளியின் நற்பெயரையும் காப்பதே முந்திக்கொண்டது என்று அக்குழு தீர்மானமாய்ச் சொல்லிற்று.

அத்தோடு முடியவில்லை. 2020-ல் பரிசோதகர்கள் சென்று பார்த்தபோது, பாதுகாப்பில் இன்னும் குறைகள் இருக்கக் கண்டார்கள். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில், புதிய மாணவர்களைச் சேர்க்கக் கூடாதென்று கல்வி மந்திரி உத்தரவிட்டார். சீர்திருத்தங்களுக்கு உறுதி கொடுத்த பின் 2021-ல் அந்தத் தடை நீக்கப்பட்டது. தடை நீங்கினாலும் சோதனை நிற்கவில்லை. பரிசோதகர் எழுதும் அறிக்கைகள் அங்கே பகிரங்கமாய் வெளியிடப்படுகின்றன. எந்தத் தாயும் தகப்பனும் வாசித்துப் பார்க்கலாம்.

இதில் நெஞ்சை அறுப்பது ஒன்று உண்டு. மடாதிபதி தன் கையில் ஒப்புவிக்கப்பட்ட ஆத்துமங்கள் அனைத்துக்கும் சர்வேசுரனுடைய சந்நிதியில் கணக்குச் சொல்ல வேண்டும் என்று தமது ஒழுங்கிலே எழுதி வைத்தவர் அர்ச். ஆசீர்வாதப்பர். அந்த ஒழுங்கை ஆண்டுதோறும் வாசித்துவந்த வீட்டிலேயே கணக்கு மறைக்கப்பட்டது! பின்பு அந்தக் கணக்கை அரசாங்கம் கேட்டது. கேட்டவர்கள் திருச்சபைக்குச் சத்துருக்களா? இல்லை. சிறியோருக்கு இடறலாய் இருப்பவனுக்கு எந்திரக்கல்லோடு கடலில் ஆழ்வதே நலம் என்று கற்பித்த சேசுநாதருடைய எண்ணத்தையே அவர்கள் நிறைவேற்றினார்கள்.

சோதனை என்பது நமக்குப் புதிதா? பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆத்தும சோதனை செய்கிறோம். திருச்சபைச் சட்டப்படி மேற்றிராணியார் 5 ஆண்டுகளுக்குள் தம் மேற்றிராசனம் முழுவதையும் விசாரணை செய்ய வேண்டும். பங்குக்கு அவர் வந்தால் ஞானஸ்நானப் புத்தகத்தையும் கணக்குப் புத்தகத்தையும் கேட்டுப் பார்க்கிறார். அது குருவானவருக்கு அவமானமா? காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2019-ல் ஒரு சட்டம் செய்தார். இத்தகைய குற்றம் தெரியவந்தால் குருக்களும் துறவிகளும் திருச்சபை அதிகாரிகளுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்பதே அது. 2023-ல் அதையே நிலையான சட்டமாக்கினார்.

நம் தேசத்திலும் சட்டம் உண்டு. பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் நடத்துவோர் உரிமம் பெற வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2014-ல் சட்டமாயிற்று. போக்சோ எனப்படும் 2012-ம் ஆண்டுச் சட்டப்படி, பிள்ளைக்கு நேர்ந்த பாலியல் குற்றத்தை அறிந்தும் அறிவிக்காமல் இருப்பது குற்றம். தன் கீழ் உள்ளவர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. சட்டம் இருந்தால் மட்டும் போதாது. 1986-ம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டித் தொழிலில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாதென்று தடுத்தது. ஆயினும் இன்ஸ்பெக்டர் வாகனம் தெருவில் நுழைந்ததும் பிள்ளைகளைப் பின்வாசல் வழியாய் அனுப்பிய காலம் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதிகாரி வரும் நாளுக்கு மாத்திரம் சுவருக்கு வெள்ளையடித்து, தட்டில் முட்டை வைக்கிற விடுதியும் அந்தப் பின்வாசலைத்தான் திறந்து வைக்கிறது.

ஆகையால், பெற்றோர்களே, முதற்சோதனை உங்களுடையது. சந்தைக்குப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல், சுழி பார்க்காமல் மாடு வாங்குவீர்களா? பெற்ற பிள்ளையை விடும்போது மாத்திரம் பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு அடுத்த பஸ் ஏறுவதேன்? உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். படுக்கும் இடத்தையும், கக்கூசையும், அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரவில் பிள்ளைகளோடு யார் இருக்கிறார்கள், வியாதி வந்தால் யார் கவனிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பார்க்கப்போகும் ஞாயிற்றுக்கிழமையில் கடலைமிட்டாயைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், பிள்ளையைத் தனியே அழைத்து உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் கேட்பதைத் தவறாய் எண்ணாத விடுதியே நல்ல விடுதி.

பிள்ளை ஏதாவது சொன்னால், "சாமிமாரைப் பற்றி அப்படிப் பேசாதே, பாவம்" என்று வாயை அடைக்காதீர்கள். அந்த ஒரு வார்த்தையால் பிள்ளைக்கு இருந்த கடைசிக் கதவும் அடைபடும். சேசுநாதர் 12 வயதில் காணாமற்போனபோது தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும், கோவிலிலேதானே இருப்பார் என்று வீட்டிலே இருந்துவிட்டார்களா? மூன்று நாள் தேடினார்கள். கண்டபின், வேதசாஸ்திரிகள் சூழ்ந்திருந்த சபையிலேயே மாதா தன் மகனிடம் காரணம் கேட்டாள். தேடவும் கேட்கவும் தாய்க்கு உள்ள உரிமையைப் பரிசுத்த இடம் பறித்துவிடுவதில்லை.

இந்த வாரத்துக்கு ஒரு பிரதிக்கினை: போர்டிங்கில் பிள்ளை உள்ள ஒவ்வொரு குடும்பமும் இந்த மாதத்துக்குள் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வரட்டும். ஆபத்தில் உள்ள பிள்ளைகளுக்காக 1098 என்ற டெலிபோன் எண் உண்டு. அதைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வியுங்கள். விடுதிகளை நடத்தும் சகோதர சகோதரிகளுக்காகவும் செபமாலை ஒன்று சொல்லுங்கள். இராத்திரி பகலாய் ஊரார் பிள்ளைகளைக் காக்கும் உண்மையான ஊழியர் அநேகர். கணக்குக் கேட்கப்படும் நாளில் வாசலை அகலத் திறந்துவைக்கும் தைரியம் அவர்களுக்குண்டு. அந்தத் தைரியம் எல்லாருக்கும் உண்டாகும்படி சர்வேசுரன் கிருபை செய்வாராக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு