கால் சீக்கல் வெள்ளி



தகப்பனின் கழுதைகளைத் தேடிக் களைத்துப்போன சவுலிடம், இந்த ஊரில் இறைவாக்கினர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்போம் என்றான் வேலையாள். சவுலுக்கு உடனே எழுந்த கவலை, அவருக்குக் கொடுக்க என்ன இருக்கிறது என்பதே. பையிலிருந்த அப்பமும் முடிந்துவிட்டது. வேலையாளின் மடியில் கால் சீக்கல் வெள்ளி இருந்தபடியால் துணிந்து போனார்கள். சாமுவேல் அந்த வெள்ளியை வாங்கினார் என்று வேதாகமம் சொல்லவில்லை. சவுலை விருந்தில் முதலிடத்தில் இருத்தி, அவனுக்கென்று எடுத்துவைத்த தொடைப் பங்கைப் பரிமாறச் சொன்னார் என்றே வாசிக்கிறோம்.

சவுலின் தயக்கம் மயிலிட்டிக்குப் புதியதன்று. 1990 யூனில் ஊரைவிட்டுப் போன மக்களுக்குத் துறைமுகம் 2017 யூலை 3ஆம் திகதிதான் திரும்பக் கிடைத்தது. இருபத்தேழு ஆண்டுகள் முகாமிலும் பிறர் வளவிலும் இருந்துவிட்டு, கடனுக்கு வலை வாங்கிக் கடலுக்குப் போகும் வீட்டில், இறந்த தகப்பனுக்குப் பூசை கேட்கப் போகும் தாய் கையிலுள்ள காசை எண்ணிப் பார்த்துத் திரும்பிவிட்டால், அது யாருடைய குற்றம்?

தாயே, திரும்ப வேண்டாம். பூசைக்காசு பூசையின் விலையன்று. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 945ஆம் இலக்கம், காணிக்கை கொடுக்க இயலாத ஏழைகளின் கருத்துக்காகவும் பூசை ஒப்புக்கொடுக்கும்படி குருக்களை வற்புறுத்திக் கேட்கிறது. 947ஆம் இலக்கம் இதில் வியாபாரத்தின் சாயலே படக்கூடாது என்கிறது. அப்படியென்றால் ஏன் கொடுக்கிறோம்? பங்கு என்ற சொல்லைப் பாருங்கள். பாடு கிடைத்தால் பிரிப்பதும் பங்கு, ஆலயத்தைச் சேர்ந்திருப்பதும் பங்கு. உள்ளவன் உள்ளதில் ஒரு பங்கை வைக்கிறான், அவ்வளவுதான்.

ஆனால் இதே நியாயத்தைக் கூலிக்காரனிடம் காட்டுவோர் நம்மிடையே உண்டு. பல இரவுகள் கூத்துப் பழக்கிய அண்ணாவியாருக்கும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த இளம் ஆசிரியைக்கும் ஒரு சால்வையும் வெற்றிலையில் ஒரு தாளும் வைத்து, "சேவைதானே" என்று அனுப்பிவிடுகிறோம். மாலை போட்டால் அடுப்பெரியுமா? தோபித்து தன் மகனுக்கு வழித்துணையாக வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு திராக்மா என்று முதலிலேயே கூலி பேசினார். திரும்பி வந்தபின்னர்தான், கொண்டுவந்ததில் பாதியை நன்றியாக எடுத்துக்கொள் என்றார்கள். முதலில் கூலி, பிறகு சந்தோஷம். வந்தவர் வானதூதர் ரபாயேல். அவருக்குக் காசு தேவைப்படவில்லை. நம் அண்ணாவியாருக்குத் தேவை.

இன்னொன்றும் உண்டு. அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கு முன்னர் நீட்டப்படும் கடித உறை நன்றியாகாது. அதற்கு இலஞ்சம் என்று பெயர். குணமடைந்த நாமான் கொடுத்ததையே எலிசேயு தொடவில்லை. பின்னால் ஓடிப்போய் வாங்கிய கேகசிக்கு நடந்ததும் நீங்கள் அறிந்ததே.

கடைசியாக, திருவிழா முடிவில் யார் எவ்வளவு கொடுத்தார் என்று ஒலிபெருக்கியில் வாசிக்கும் பழக்கம். இவ்வாண்டு அந்தப் பட்டியலை வாசிக்காமல் விடுவோம். அடுத்த மாதம் பூசை கேட்டு யார் யார் புதிதாக வருகிறார்கள் என்று பார்ப்போம்.