பிணக்கும் மௌனமும்

பங்குனி உத்திரத்தன்று திருவரங்கத்தில் நடைபெறும் பிரணய கலகத்தைச் சேவித்த அன்பர்கள் பலர் இருப்பர். மட்டையடி என்று ஜனங்கள் வழங்குவதும் இதுவே. உறையூரில் கமலவல்லி நாச்சியாருடன் சேர்த்தி கண்டருளித் திரும்பிய நம்பெருமாளிடம் ஸ்ரீரங்கநாச்சியார் ஊடுகிறாள். திருக்கதவம் அடைபடுகிறது. பூப்பந்துகள் வந்து விழுகின்றன. இரு தரப்பிலும் வாதங்கள் நிகழ்கின்றன. முடிவில் நம்மாழ்வார் சமாதானம் செய்தருள, திவ்ய தம்பதிகள் சேர்த்தியில் எழுந்தருளுகின்றனர்.

லோகமாதாவுக்கும் கோபம் உண்டோ என்று வினவுவோர் உண்டு. ஊடல் அன்பின் குறைவன்று, உரிமையின் அடையாளம். திருவள்ளுவரும் 1330 குறட்பாக்களை ஊடலுவகை என்னும் அதிகாரத்துடன்தான் நிறைவு செய்தார். கதவை அடைப்பவள், அது தட்டப்படும் என்று நம்பியே அடைக்கிறாள். அஞ்சத்தக்கது வேறொன்று. கதவு திறந்திருக்க, உள்ளம் மட்டும் ஓசையின்றி அடைபடுவதே அது.

அடியேன் தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம் வரை மின்சார ரயிலில் சென்று உத்தியோகம் பார்த்த காலம். இரவு தாமதித்தால், "இன்றைக்கும் கடைசி வண்டிதானா?" என்று இல்லாள் கடிந்துகொள்வாள். ஒரு கட்டத்தில் அக்கேள்வி நின்றது. வேளை தவறாமல் உணவு வந்தது. எதைச் சொன்னாலும் "சரி" என்பதே விடை. இல்லத்தில் சாந்தி நிலவுவதாக அடியேன் மகிழ்ந்தேன். அவள் கண்ணில் புரை வளர்ந்திருப்பதையும், அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவர் நாள் குறித்திருப்பதையும் அண்டை வீட்டு அம்மாள் வாயிலாகவே அறிந்தேன். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், அப்புறம் பழகிப் போயிற்று" என்றாள். அச்சொல்லில் கோபமே இல்லை. அதுவே அடியேனைச் சுட்டது.

குறை கூறுதல் நிற்பதும், நமக்கு முதலில் வரவேண்டிய செய்தி பிறர் வாயிலாக வருவதும், பரிவு குறைந்து உபசாரம் மட்டும் எஞ்சுவதும் அன்பு விலகுவதன் அறிகுறிகள். எனினும் மௌனமெல்லாம் விலகலன்று. களைப்பாலும் நோயாலும் வருவதும் உண்டு. ஆகவே குற்றம் சுமத்தாது, வினவி அறிதலே முறை. விலகியவர் முன்பு பன்முறை பேசியிருப்பார். செவி கொடாதவர் நாமாகவும் இருக்கலாம்.

பூப்பந்துகளுக்குப் பின்வாங்கினும், நம்பெருமாள் மீண்டும் மீண்டும் அவ்வாசலுக்கே எழுந்தருளுகிறான். பல்லாவரத்தை அடுத்த திருநீர்மலையில், மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்தமையால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்பது ஐதிகம். அந்த நீர் கண்ணுக்குத் தெரிந்தது. இல்லத்தில் சூழும் மௌனமோ எளிதில் புலப்படுவதில்லை. புலப்பட்டபின் காத்திருத்தலே கடமை.

சிகிச்சைக்கு அடியேன் உடன் சென்றேன். அதனால் மட்டும் எல்லாம் சீராகிவிடவில்லை. பல மாதங்களுக்குப் பின் ஓர் இரவு, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று அவள் கடிந்துகொண்டாள். அந்தக் கடுஞ்சொல் அடியேன் செவிக்கு அமுதமாயிற்று.

உற்சவம் சேவித்து இல்லம் திரும்பும் அன்பர்கள், அங்கே நெடுநாளாகக் குறை கூறாதிருப்பவர் எவரேனும் உளரோ என்று சிந்திப்பார்களாக. திவ்ய தம்பதிகள் அனைவர்க்கும் அருள்புரிவார்களாக.