எழுந்து நிற்க ஆகும் செலவு

பணக்கார வீடாக இருக்க வேண்டும், அல்லது குடும்பத்துக்கென்று ஒரு தொழில் இருக்க வேண்டும்; இரண்டும் இல்லையென்றால் பிள்ளையை விளையாட்டில் விடாதீர்கள். பெற்றோர்களுக்குத் தான் சொல்லும் யோசனை இதுதான் என்று 2025 பிப்ரவரியில் புல்லேலா கோபிசந்த் சொன்னார். சாய்னாவையும் சிந்துவையும் ஒலிம்பிக் பதக்கம் வரை கொண்டுபோன பேட்மின்டன் பயிற்சியாளர் இப்படிச் சொல்லலாமா என்று கேட்கத்தான் தோன்றும். ஆனால் இதைச் சொல்ல அவரைவிடத் தகுதியுள்ளவர் குறைவு. 1994-ல், இருபது வயதில், அவருடைய முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அடுத்தடுத்து அறுவைச் சிகிச்சைகள். அந்தக் காலோடுதான் 2001-ல் ஆல் இங்கிலாந்து பட்டத்தை வென்றார். 1980-ல் பிரகாஷ் படுகோன் வென்றதற்குப் பிறகு அதுவரை இந்தியருக்கு அது கிடைக்கவே இல்லை. ஆடுவதை விட்ட பிறகு ஹைதராபாத்தில் அகாதெமி கட்டினார். அதற்கு அரசு நிலம் கொடுத்தது, ஒரு தொழிலதிபர் பெரும் நன்கொடை கொடுத்தார், கோபிசந்த் தன் வீட்டையே அடமானம் வைத்தார்.

இந்தக் கதையை மேடையில் சொல்கிறவர்கள் மனவுறுதி என்ற இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே நிறுத்துவது நியாயமா? விழுந்து எழுந்தவரின் உறுதியை மட்டும் புகழ்ந்தால், எழ முடியாமல் போனவருக்கு உறுதி போதவில்லை என்று தீர்ப்பும் எழுதியதாகிறது. அந்தத் தீர்ப்புக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

குமரி மாவட்டத்துத் தோவாளையில் இரண்டு பையன்களை நினைத்துப் பார்க்கலாம். ஒருவன் வீட்டுக்குச் சந்தையில் பூக்கடை இருக்கிறது. இன்னொருவன் வீட்டில் அம்மா பிச்சியும் கேந்தியும் கட்டிக்கொடுத்துக் கூலி வாங்குகிறாள். இருவரும் ஒரே அணியில் கபடி ஆடுகிறார்கள். ஒரே மாதத்தில் இருவருக்கும் முட்டு ஜவ்வு போய்விடுகிறது. வர்ம ஆசான்களுக்குப் பேர்போன மாவட்டம் இது. சுளுக்குக்கும் பிசகலுக்கும் அவர்கள் கை போதும். முழுதாக அறுந்த ஜவ்வு எண்ணெய்க்கும் கட்டுக்கும் ஒட்டாது. அறுவைச் சிகிச்சை வேண்டும், அதன்பின் பல மாதம் பிசியோதெரபி வேண்டும். முதல் பையன் கட்டுப்போட்ட காலோடு கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பழகுவான். சில வருஷம் கழித்து, அடிபட்டும் கலங்காமல் தொழிலில் ஜெயித்தவன் என்று அவனை ஊர் சொல்லும். அது பொய்யும் அல்ல. இரண்டாமவனுக்கு அதே நெஞ்சுரம் இருந்தாலும் உட்கார ஒரு கல்லா இல்லை.

கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயனையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். 2009-ல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்துக்குச் சற்று முன் தோள் மூட்டு விலகி, வண்டியில் ஏற முடியாமலே போனது. பிறகும் விடவில்லை, 2019-ல், 42 வயதில், ஜப்பானின் ஃபியூஜியில் பந்தயம் வென்றார். 2020-ல் பழைய இருசக்கர வாகனங்களை விற்கும் டிரைவ்எக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 2022-ல் அதன் கிட்டத்தட்டப் பாதிப் பங்கை டி.வி.எஸ். மோட்டார் வாங்கியது. உழைப்பு அவருடையது, துணிச்சலும் அவருடையது. ஆனால் தந்தையே ராலி ஓட்டிய வீட்டில் பிறந்ததால் காலடியில் தரை இருந்தது. இதைச் சொல்வது அவரைக் குறைப்பதாகாது; தரை இல்லாதவரைக் குறை சொல்லாதிருக்க இது தேவை.

மறுப்பு ஒன்று உண்டு, அது லேசானதும் அல்ல. அடிபடும் என்று தெரிந்துதானே ஆடினான்? யாரும் கட்டாயப்படுத்தவில்லையே? தோவாளைக்குப் பக்கத்து ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளில் ஏறி வேலை செய்கிறவருக்கும் விழுந்தால் என்னாகும் என்று தெரியும். தெரிந்துதானே ஏறினாய் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அவரைக் கேட்கவில்லை. அந்த உடலின் உழைப்பால் பயன்பெற்றவர் அந்த உடலுக்கு வந்த கேட்டிலும் பங்கேற்க வேண்டும் என்றது. நூறாண்டுக்கு முன்பே தொழிலாளிக்கு ஒப்புக்கொண்ட நியாயத்தை ஆட்டக்காரனுக்கு மறுக்க வலுவான காரணம் இல்லை.

ஊரில் கபடிப் போட்டி நடத்தும் விழாக் கமிட்டி முதலாளி அல்ல என்பது உண்மை. முழுப் பொறுப்பையும் அதன் தலையில் கட்டினால் ஊர்க் கபடியே நின்றுபோகும், அதுவும் நஷ்டம்தான். ஆகவே பயனின் அளவுக்குக் கடன் என்று வைப்பதே சரி. விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கொடுத்து, அவன் வென்ற கோப்பையை வரவேற்பறையில் வைத்திருக்கும் கல்லூரிக்கு அதிகக் கடன். நுழைவுக் கட்டணம் வாங்கும் கமிட்டிக்குக் குறைவு, ஆனால் பூஜ்யம் அல்ல. அரசின் கைகள் பெரும்பாலும் வென்றவர்களை நோக்கியே நீள்கின்றன. தமிழக அரசுப் பணியில் 3 விழுக்காடு ஒதுக்கீடு சாதித்தவர்களுக்கு; 1982-ல் தொடங்கிய மத்திய அரசின் வீரர் நல நிதியும் பேரெடுத்து நலிந்தவர்களுக்கு. பதக்கத்துக்கு முன்பே விழுந்தவன் இரண்டுக்கும் வெளியே நிற்கிறான்.

வீரருக்கும் கடமை இல்லாமல் இல்லை. 2001 வெற்றிக்குப் பிறகு குளிர்பான விளம்பரம் வந்தபோது, தான் குடிக்காததைப் பிறருக்குச் சொல்ல மாட்டேன் என்று கோபிசந்த் மறுத்தார். பெயரை விற்கலாம், நம்பிக்கையை விற்கக்கூடாது என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. ஆனால் கைவிடப்பட்ட ஒருவர் சூதாட்டச் செயலிக்கு முகம் கொடுத்தால்? தவறு தவறுதான், அதை நம்பிப் பணம் இழக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவரைக் கைவிட்டவர்களுக்கும் அந்தத் தவறில் பங்கு உண்டு.

பந்தலுக்கும் மைக்செட்டுக்கும் சுழற்கோப்பைக்கும் பணம் ஒதுக்கும் கமிட்டி, ஆடுகிறவர்களுக்கு ஒரு விபத்துக் காப்பீடும் எடுக்கலாம். பரிசுத் தொகையில் ஒரு பகுதியைக் குறைத்தாவது எடுக்க வேண்டும். முதல் பரிசு இவ்வளவு என்று நோட்டீசில் அச்சிடும்போதே, அடிபட்டால் சிகிச்சைக்கு இவ்வளவு, பிசியோதெரபிக்கு இவ்வளவு என்று அதற்குக் கீழே அச்சிடட்டும். பூக் கட்டும் அம்மா மகனை ஆட விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுமுன் அதைப் படிக்க முடிய வேண்டும்.