கூண்டுக்கு அடியில் விரித்த தாள்

என் அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில், தோல் தரம் பிரிக்கும் மேஜையருகே 30 வருடம் நின்றவர். பதனிட்ட தோலை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து உள்ளங்கையால் ஒரு நீவு நீவுவார். "இது உண்ணி கடிச்சது. இது முள்வேலியில உரசிக்கிச்சு. இங்க பாரு, சூடு போட்ட தழும்பு." அந்த மாட்டை அவர் கண்ணால் பார்த்ததில்லை. எந்தச் சந்தையில் கைமாறியது, யார் வண்டியில் பூட்டினார்கள், எதுவும் தெரியாது. ஆனாலும் அது பட்ட பாடு அவர் விரலுக்குத் தெரிந்தது. உயிரோடு நின்றபோது அந்த உண்ணியை யாராவது பிடுங்கிப் போட்டார்களா என்று சின்ன வயதில் நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் ஒரு முயல் செத்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

மகள் அடம்பிடித்து வாங்கிய வெள்ளை முயல் அது. பஞ்சு என்று பெயர் வைத்தாள். விற்றவர், "கேரட் போடுங்க, கோஸ் போடுங்க, அது பாட்டுக்கு இருக்கும்" என்றார். போட்டோம். மகள் பிஸ்கட்டும் ஊட்டினாள். கூண்டுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, காலையில் மடித்து எறிவது என் வேலை.

சித்திரை மாதம். வேலூர்ப் பக்கத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள். ஒரு மாலை பஞ்சு மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தது. கேரட்டை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெயிலுக்குத்தான் இப்படி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டோம். அன்று காலை எடுத்த தாளிலேயே நாலைந்து புழுக்கைகள்தான் கிடந்தன, மிளகைவிடச் சின்னதாக, காய்ந்து. மறுநாள் தாளில் ஒன்றுமே இல்லை. "இன்னிக்குக் கூண்டு சுத்தமா இருக்கு" என்று மனைவியிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அந்தச் சொல் இன்னும் என்னை விடவில்லை.

பிறகு நான் செய்தது அதைவிட மோசம். மகளுக்கு வாங்கி மீந்திருந்த அமாக்சிசிலின் சிரப்பைச் சிரிஞ்சில் எடுத்து அதன் வாயில் விட்டேன். அடுத்த நாள் விடியுமுன் பஞ்சு போய்விட்டது. கத்தவில்லை, முனகவில்லை.

முயலின் வயிற்றைப் பற்றி நான் தெரிந்துகொண்டதெல்லாம் அதற்குப் பிறகுதான். மாடு முன்வயிற்றில் தீனியைப் புளிக்க வைக்கிறது. முயலுக்கு அந்த வேலை குதிரையைப் போலப் பின்பக்கத்தில் நடக்கிறது. சிறுகுடல் முடியும் இடத்தில் சீக்கம் என்ற பெரிய பை, இரைப்பையைவிடப் பல மடங்கு பெரியது. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கும் இடம். குடல் முதலில் பிரிக்கிறது: முரட்டு நாரை உருட்டிப் புழுக்கையாக வெளியே தள்ளுகிறது, மென்மையானதைச் சீக்கத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. அங்கே புளித்தது பளபளப்பாக, சின்னத் திராட்சைக் கொத்து போல வெளிவரும். இரவிலோ விடியற்காலையிலோ முயல் தலையைக் குனிந்து அதை நேரே வாயால் எடுத்து விழுங்கிவிடும். புரதமும் பி வைட்டமின்களும் அதில்தான் இருக்கின்றன. அருவருக்க எதுவும் இல்லை. மாடு படுத்து அசைபோடுகிறது, முயல் இப்படிச் செய்கிறது, அவ்வளவுதான்.

இந்த ஆலையை ஓட்டுவது நார். கேரட்டில் இருப்பது சர்க்கரை, பிஸ்கட்டில் மாவு. இரண்டும் குடலைத் தள்ளாது, கெட்ட நுண்ணுயிரைத்தான் வளர்க்கும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது போல, முயல் என்றால் கேரட் என்று நாமும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அதன் சாப்பாட்டில் பெரும்பங்கு புல்லும் காய்ந்த புல்லும். அறுகம்புல் நல்லது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் தந்த கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் பல மாட்டுக்காரர்களிடம் கிடைக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அதன் பல்லும் தேயும். முயலின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பது. தேயாவிட்டால் கடைவாயில் முள் போல நீண்டு நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். பசித்தாலும் தின்ன முடியாமல் போகிற முயல்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான். நம் ஊரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டேனரிக் கழிவு ஓடிய கால்வாய் ஓரத்துப் புல் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அறுக்காதீர்கள்.

நார் குறைந்தால், பயந்தால், வெயில் தாக்கினால், எங்காவது வலித்தால் குடல் மெதுவாகும். உள்ளே இருப்பதன் தண்ணீர் உறிஞ்சப்பட்டு அது கெட்டிப்படும். வாயு சேரும். வாயுவால் வலிக்கும். வலித்தால் தின்னாது. தின்னாததால் குடல் இன்னும் நிற்கும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. வயிற்றில் முடி உருண்டு அடைத்துவிட்டது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நினைத்தார்கள். முடி எப்போதும் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. குடல் ஓடும்வரை அது தானாகப் போய்விடும், நின்ற பிறகுதான் உருண்டையாகிறது. நான் விட்ட சிரப் என்ன செய்தது? அமாக்சிசிலின், பெனிசிலின், கிளிண்டாமைசின் போன்றவற்றை முயலுக்கு வாய்வழி கொடுத்தால், சீக்கத்து நல்ல நுண்ணுயிர்கள் செத்து நஞ்சு கக்கும் கிருமிகள் பெருகும். மனிதக் குழந்தையைக் காப்பாற்றும் மருந்து அந்தப் பஞ்சுருண்டைக்கு விஷம்.

காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லியிருக்கவே கூடாது, அதுவும் இந்த ஊரில் பிறந்துவிட்டு. உரித்த பச்சைத் தோலுக்குச் சில மணி நேரத்துக்குள் உப்புப் போடாவிட்டால் நம் வெயிலில் முடி கழன்று தோல் அழுகும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். லாரி தாமதமானால் தோல் குடோன் முதலாளி வாசலிலேயே நிற்பார். செத்த தோலுக்கு மணிக்கணக்கு பார்க்கத் தெரிந்த நாங்கள், உயிருள்ள முயலுக்கு நாள்கணக்கு பார்த்தோம். முயல் 12 மணி நேரம் எதுவும் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அது அவசர நிலை.

ஒன்றரை வருடம் கழித்து இன்னொரு முயல் வந்தது. கறுப்பி. இந்த முறை தாளை நான் எறியவில்லை, படித்தேன். நல்ல முயல் ஒரு நாளைக்கு 100 முதல் 300 புழுக்கை போடும். உருண்டையாக, ஏறக்குறைய ஒரே அளவாக. சின்னதாகிக்கொண்டே போனால், ஒன்றோடொன்று முடியால் கோத்துக்கொண்டு வந்தால் குடல் தடுமாறுகிறது. மெத்தென்ற கொத்துகள் தின்னப்படாமல் தாளில் நசுங்கிக் கிடந்தால், பெரும்பாலும் தீனியில் சத்து அதிகம், புல் போதவில்லை, அல்லது முயல் பருத்துக் குனிய முடியாமல் இருக்கிறது. அது வேறு, தண்ணீராகக் கழிவது வேறு. பால் மறக்கும் வயதுக் குட்டிக்குக் கழிச்சல் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் நோயும் வரும், விரைவிலேயே உயிர் போகலாம்.

அந்தத் தீபாவளி ராத்திரி எங்கள் தெருவில் பத்து மணி வரை சரவெடி. மாலை ஆறு மணிக்குப் பிறகு தாளில் எதுவும் விழவில்லை. கறுப்பி வயிற்றைத் தரையில் அழுத்திப் படுத்திருந்தது. பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் கேட்டது. தடவிக்கொடுக்கும்போது சுகத்தில் மெல்ல அரைக்கும் சத்தம் இல்லை அது. காது ஜில்லென்று இருந்தது. முயலின் உடல் சூடு 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; குறைந்தால் ஆபத்து. துணியில் சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலைப் பக்கத்தில் வைத்தேன். வெயில் தாக்கிய முயலாக இருந்தால் நேர்மாறு: ஈரத்துணியால் காதைத் துடைக்க வேண்டும்.

விடிந்ததும் ஏழு மணிக்கே டாக்டர் வீட்டு வாசலில் நின்றேன். "இன்னா சாப்ட்டுதுன்னு அப்புறம் சொல்லுங்க. கடைசியா எப்ப புழுக்கை போட்டுச்சு?" என்றார். இந்த முறை என்னிடம் பதில் இருந்தது. வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஸ்டெதஸ்கோப் வைத்துக் குடல் சத்தம் கேட்டார். வயிறு மத்தளம் போல விறைத்திருந்தால் அடைப்பாக இருக்கலாம், அப்போது ஊட்டவே கூடாது, எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார். அப்படி இல்லை. வலிக்கு ஊசி, தோலுக்கு அடியில் சலைன், குடலை நகர்த்த மருந்து. முயலுக்கான தீனிக் குச்சியை (பெல்லட்) தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, சில மணிக்கு ஒருமுறை சிரிஞ்சில் வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சம் ஊட்டச் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் தாளில் ஒன்று விழுந்தது. சின்னது, கறுத்தது. மாலைக்குள் மூன்று. அப்பாவுக்கு இப்போது கண் மங்கல். தாளிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து மெல்ல நசுக்கினார். உதிர்ந்தது. உள்ளே புல் நார், மஞ்சளாக, பொடிப்பொடியாக. "நார் இருக்குடா. ஓடுது" என்றார். 30 வருடம் செத்ததன் கதையை மட்டுமே படித்த விரல் அது.

காட்டில் முயலை எல்லாமே தின்னும். நொண்டுவதைக் காட்டினால் நரி முதலில் அதைத்தான் பிடிக்கும். அதனால் வலியை மறைப்பது அதன் பிறவிப் புத்தி. எங்கள் ஊரில் எத்தனையோ அம்மாக்கள் "பசிக்கல" என்று சொல்லிவிட்டு ஷூ கம்பெனி பஸ் ஏறுவது போல. சொல்லாதவர்களின் வலி எப்போதும் ஏதோ ஒன்று நின்றுபோவதில்தான் வெளியே தெரிகிறது: ஒரு சத்தம், ஒரு பழக்கம், தாளில் நாலு உருண்டை. நின்றுபோனதைக் கவனிக்க, ஓடிக்கொண்டிருந்தபோது அது எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அன்பு என்று நான் நினைத்திருந்த கேரட்டும் பிஸ்கட்டும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. தினமும் தாளைப் பார்த்த பழக்கம்தான் சொல்லித் தந்தது.

பாலாற்றங்கரை ஆட்களுக்கு இந்தப் பாடம் புதிதாக இருக்கக் கூடாது. டேனரிக் கழிவால் கிணறு உப்பாகி, வயல் வெளுத்த பிறகுதான் ஊர் விழித்தது. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில் 28.8.1996 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்றது. கேடு முழுசாக நிரூபணமாகும்வரை காத்திருக்காதே, அறிகுறி தெரிந்ததுமே தடு என்பதுதான் அதன் சாரம். 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே ஆற்றுக்காக மறுபடியும் பேச வேண்டியிருந்தது. தழும்பைப் படிப்பதில் நம் ஊருக்கு இணை கிடையாது. காயம் படும்போது பார்க்கும் கண்தான் நமக்கு இன்னும் வாய்க்கவில்லை.

உங்கள் வீட்டில் முயல் இருந்தால், நாளைக் காலை அந்தத் தாளை மடிப்பதற்கு முன் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ஒரு நிமிடம் பாருங்கள். சுத்தமாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள்; அப்போதே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.