கவளியும் பேழையும்

படைக்கலம் ஒன்று கெடாமலும் அசையாமலும் இருப்பதற்காக அதற்கு ஓர் உறையை ஆக்கித் தருபவர், அந்தப் படைக்கலம் பின்னாளில் செய்யும் செயலுக்குப் பங்காளி ஆவாரா, அல்லது அதை அடக்கி வைத்த அளவில் நன்மை செய்தவர் ஆவாரா என்பது, கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட எந்தச் சமயமும் தட்டிக்கழிக்க முடியாத கேள்வியாகும். 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டம் இக்கேள்வியை ஆராய்வதற்கு ஏற்ற நிலம். மெய்ப்பொருள் நாயனாரின் திருக்கோவலூரும், அப்பாண்டைநாதர் கோயில் கொண்ட சமணத் தலமாகிய திருநறுங்கொண்டையும், நாட்டுத் துப்பாக்கி இன்னும் பேச்சிலிருந்து மறையாத கல்வராயன் மலையும் அதன் எல்லைக்குள்ளேயே அமைந்துள்ளன.

உறையின் இன்றைய வளர்ந்த வடிவம், துப்பாக்கியைக் கொண்டுசெல்வதற்கான கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியாகும். பெட்டிக்குள் இருக்கும் ஃபோம் அடுக்கின் மேல் தோட்டா நீக்கிய துப்பாக்கியைக் கிடத்தி, விளிம்பையொட்டிக் கோடு இழுத்து, கோட்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளிக் கூரிய கத்தியால் செங்குத்தாக வெட்டி எடுத்தால், துப்பாக்கி அந்தப் பள்ளத்தில் நெருக்கமாகப் படிந்து, மலைப்பாதையில் வண்டி எவ்வளவு குலுங்கினாலும் நகராமல் இருக்கும். குறிபார்க்கும் கண்ணாடி பொருத்தியிருந்தால் அவ்விடத்தில் மட்டும் சிறிது இளக்கம் விட்டு வெட்ட வேண்டும், ஏனெனில் அதன்மேல் விழும் அழுத்தம் குறியைப் பிசகச் செய்துவிடும். பொது இடத்தில் துப்பாக்கியைக் கொண்டுசெல்பவர் அதை முழுவதும் மூடிய நிலையிலும், தம் கட்டுப்பாட்டிலும் வைத்திருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் கூறுகின்றன. இவ்வாறு வெட்டப்பட்ட பள்ளத்தில் வேறு எந்தப் பொருளும் பொருந்தாது என்பது இங்கே கருதத்தக்கது. திறந்து பார்ப்பவருக்கு, துப்பாக்கி உள்ளே இல்லாத வேளையிலும், அங்கே இருக்க வேண்டியது எது என்பதும் அது இப்போது வெளியே இருக்கிறது என்பதும் ஒருசேரத் தெரிந்துவிடும்.

சமணர் இக்கேள்வியை மிக நுட்பமாகப் பகுத்திருக்கிறார்கள். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், வினை உயிருக்குள் ஊறி வருவதற்கு நிலைக்களனாக அமைவதை அதிகரணம் என்று பெயரிட்டு, அதை உயிரைச் சார்ந்தது, உயிரற்ற பொருளைச் சார்ந்தது என இரண்டாக்குகிறது. முதல் வகையில், ஒரு செயலைச் செய்யத் துணிதல் சம்ரம்பம் எனவும், அதற்குரிய கருவிகளைத் திரட்டுதல் சமாரம்பம் எனவும், செயலைத் தொடங்குதல் ஆரம்பம் எனவும் மூன்று படிகள் சொல்லப்படுகின்றன. இவற்றை மனம், மொழி, மெய் ஆகிய மூன்றாலும், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றாலும், சினம் முதலிய நான்கு கசடுகளாலும் பெருக்கினால் 108 வகை கிடைக்கும். இந்தக் கணக்கின்படி, கொலை நோக்கம் கொண்டவருக்காக அவர் நோக்கம் அறிந்தே உறை செய்து கொடுப்பவர், விசையைத் தொடாவிட்டாலும், கருவி திரட்டும் படியிலேயே வினையை ஏற்றுக்கொண்டவராகிறார்.

ஆனால் இரண்டாம் வகை, இதே பொருளின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அதில் நிட்சேபம் என்று ஒன்று உண்டு. ஒரு பொருளைக் கீழே வைத்தல் என்பது அதன் பொருளாகும். இடத்தைப் பாராமல் வைத்தல், துப்புரவு செய்யாமல் வைத்தல், அவசரத்தில் வைத்தல், நினைவில்லாமல் வைத்தல் ஆகிய நான்கும் வினைக்கு வாயில்கள் என்று சமணம் எண்ணுகிறது. துறவிக்கு விதிக்கப்பட்ட ஐந்து சமிதிகளுள், அதாவது விழிப்புடன் ஒழுகும் முறைகளுள், பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் கவனம் கொள்வதும் ஒன்றாக இடம்பெறுவது இதனால்தான். ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ள ஃபோமில், துடைத்து எண்ணெய் பூசாத துப்பாக்கியை மாதக்கணக்கில் விட்டுவைத்தால், காக்க வந்த ஃபோமே இரும்பைத் துருவேற்றிவிடும் என்பதை அறிந்தவர்களுக்கு, துப்புரவின்றி வைப்பதைக் குற்றம் என்ற பழைய நூலின் கண்டிப்பு மிகையாகத் தோன்றாது.

உறையைக் கொண்டே கொலையை நிகழ்த்திய கதை இம்மண்ணுக்கே உரியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், சேதி நாட்டுத் திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், உடல் முழுதும் நீறு பூசி, சடை முடித்து, கவளி எனப்படும் ஏட்டுக்கட்டினுள் படையை மறைத்து எடுத்துக்கொண்டு அரண்மனைக்குள் நுழைகிறான். வாயில்காவலர்கள் அடியார் வேடம் கண்டு வழிவிடுகிறார்கள். அரசர் துயிலும் வேளை என்று தடுத்த காவலன் தத்தனையும் கடந்து சென்று, எவரிடமும் இல்லாத ஆகமம் ஒன்றைக் கொண்டுவந்திருப்பதாகவும், அதைத் தனித்திருந்தே சொல்ல வேண்டும் என்றும் கூறுகிறான். அரசியார் விலகிப்போக, மன்னர் அவனை உயர்ந்த இருக்கையில் அமர்த்தித் தாம் தரையில் அமர்ந்து வணங்கும் நேரத்தில் கவளி அவிழ்கிறது. இங்கே உறை, படையின் வேகத்தைக் குறைக்கவில்லை. அதைக் காவல்கள் அனைத்தையும் கடத்திக் கொண்டுபோய் மன்னரின் மார்புக்கு அருகில் சேர்க்கிறது. நூல் என்று நம்ப வைத்ததால் அந்த நூற்கட்டு ஆயுதத்தின் பகுதியாகவே ஆகிவிட்டது. எனவே அதைக் கட்டிய கணத்திலேயே முத்தநாதனின் கொலை தொடங்கிவிட்டது என்று சமணக் கணக்கும் சொல்லும், சைவ உள்ளமும் சொல்லும்.

பாய்ந்து வந்த தத்தனின் வாளைத் தடுத்து, இவர் நம்மவர் என்று சொல்லிக் கொலைஞனை ஊறின்றி எல்லை கடத்திவிடச் செய்த மன்னர், அவன் மீண்டு சென்ற செய்தி கேட்கும் வரை உயிரைத் தாங்கியிருந்தார் என்கிறது புராணம். பொய்யாகப் பூசிய நீற்றுக்கும் மதிப்பளித்த இந்தச் செயலை ஏமாளித்தனம் என்று கொள்வது பிழை. வேடத்தை ஒருவன் இழிவுபடுத்திவிட்டான் என்பதற்காக வேடத்தின் மீதுள்ள நம்பிக்கையைக் கைவிட்டால் அடுத்து வரும் மெய்யடியார் வாயிலிலேயே மடக்கப்படுவார் என்ற தெளிவு அதில் இருக்கிறது.

இதே கோவலூரை வென்ற அதியமானுக்காகத் தொண்டைமான் என்னும் மன்னனிடம் தூது சென்ற ஔவையார், புறநானூற்றில் அவனுடைய படைக்கலங்கள் பீலி அணிந்து, நெய் பூசப்பெற்றுக் காவல்மிக்க மனையில் இருப்பதையும், தம் மன்னனின் வேல்கள் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் ஒப்பிட்டது புகழ்வதுபோல் இகழ்தலாகக் கொள்ளப்படுகிறது. வீரத்தின் அளவுகோலில் அது சரியே. எனினும் கொல்லாமையின் பக்கம் நின்று நோக்கினால், பீலி சூடி முறியாமல் இருக்கும் வேலே மேலானது.

கல்வராயன் மலையில் இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதில்லை. 1976 வரை மூன்று ஜாகிர்தார்களின் கீழ் இருந்த அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் விளைவிக்கும் மரவள்ளிக்கும் சாமைக்கும் காட்டுப்பன்றி பெரும் பகை. குழல்வாய் வழியே மருந்தும் ரவையும் இட்டுக் கோலால் இடிக்கப்படும் நாட்டுத் துப்பாக்கியை, ஒருமுறை நிரப்பிவிட்டால் வெடிக்காமல் வெறுமையாக்குவது கடினம். ஆகவே பன்றி வராத இரவுக்குப் பின் அது நிரப்பிய நிலையிலேயே வீட்டில் சாத்திவைக்கப்பட வாய்ப்பு மிகுதி. உரிமமும் இல்லையென்றால் அதை அடையாளம் சொல்லும் பெட்டியிலோ பூட்டிலோ வைக்க இயலாது, பதுக்கத்தான் முடியும். இப்பதுக்கலை முத்தநாதனின் கவளியோடு ஒன்றாக எண்ணுவது அநீதி, ஏனெனில் உழவர் மறைப்பது வஞ்சித்துக் கொல்வதற்காக அன்று, அச்சத்தால். ஆயினும் பாராமல் வைத்தல் என்னும் குற்றம் அங்கே நிகழ்ந்தே தீர்கிறது, அதன் பலனை வீட்டுக் குழந்தையே ஏற்க நேரிடலாம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தன் 13-ஆம் பிரிவில், பயிர்ப் பாதுகாப்புக்காக இவ்வகைத் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லும் அறிவிப்போடு அந்த உரிமத்துக்கான வழியும் மலை ஏறிச் சென்றால்தான் பதுக்கல் பாதுகாப்பாக மாறும். அது செல்லாத வரையில், உடன்படுதலும் வினையே என்ற சமணக் கணக்கில் அந்தக் குழந்தைக்கு நேரும் தீங்கை உழவர் ஒருவர் பெயரில் மட்டும் எழுத முடியாது.