சட்டத்துக்குள் ஒரு முகம்

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் சந்தையில் பழைய படச் சட்டம் ஒன்றை விலை பேசினேன். நல்ல தேக்கு. கடைக்காரர் அதைத் திருப்பிப் பின்பக்கத்து ஆணிகளை நெம்பத் தொடங்கினார்.

"என்ன செய்யறீங்க?"

"படத்தை எடுத்துட்டுத் தரேன் சார். யாரோ செத்துப்போனவங்க. உங்களுக்கு எதுக்கு?"

அவர் சொன்னதில் தவறில்லை. எனக்கு வேண்டியது சட்டந்தான். ஆனாலும் 'படமும் இருக்கட்டும்' என்று சொல்லிவிட்டேன்.

படத்தில் கணவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். கோட்டு, தலைப்பாகை, காலில் பளபளக்கும் பூட்ஸ். மனைவி வெறுங்காலுடன் பக்கத்தில் நிற்கிறாள். பின்னால் திரையில் தீட்டிய மாளிகைத் தூண்கள். அந்தப் பூட்ஸை இலேசாக நினைத்துவிடாதீர்கள். இதே ஊரில் 1873-ஆம் ஆண்டு, பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் ஐரோப்பியக் காலணியோடு நீதிமன்றத்துக்குள் போகக்கூடாது என்று தடுக்கப்பட்டார். பாரிஸ் வரை வழக்காடி வென்றார். ஆகவே, பூட்ஸ் போட்ட மனிதன் எதைக் காட்ட விரும்பினான் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. அவள் எதைக் காட்ட விரும்பினாள்? நாற்காலியின் முதுகை அவள் விரல்கள் இறுகப் பற்றியிருக்கின்றன. தெரிவது அவ்வளவுதான்.

தங்கள் வீட்டுச் சுவருக்காக அவர்கள் எடுத்துக்கொண்ட படம் இது. எந்த உரிமையில் நான் இதை உற்று உற்றுப் பார்க்கிறேன்?

செயின்ட் லூயி வீதியில், 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கோயில்களையும் சிற்பங்களையும் பற்றிய படங்கள் மட்டுமே அங்கே ஒரு லட்சத்துக்கு மேல். பிற்காலத்தில், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிச் சென்று, அங்கே எஞ்சியிருந்த மனிதர்களின் படங்களையும் பிரதி எடுத்தார்கள். வெள்ளிக்காகச் சுரண்டப்பட்டு அழிந்த கண்ணாடி நெகட்டிவ்கள் போக மிஞ்சியவை. நல்ல காரியந்தான். அங்கே அவள் ஒரு காலத்தின் புடைவைக்கட்டுக்குச் சாட்சியாவாள். சந்தையிலோ, தேக்குக்குத் தடையாக இருந்த காகிதம். இரண்டிலும் அவளுக்குப் பெயர் இல்லை.

இப்படியெல்லாம் இரக்கப்படும் நான் யார்? வீடு மாறியபோது, கரையான் அரித்துவிட்டது என்று அத்தைப் பாட்டியின் படத்தைக் குப்பையில் போட்டவன். ஓர் ஓரந்தான் அரித்திருந்தது; முகம் நன்றாகவே இருந்தது. கடைசிக் காலத்தில் கிராமத்திலிருந்து அவள் எழுதச்சொல்லி அனுப்பிய கடிதங்களுக்கு நான் பதில் போட்டதில்லை. அந்த முகம் என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தது. சந்தையில் வாங்கிய முகம் ஒன்றும் கேட்பதில்லை. முன்பின் அறியாதவர்கள்மேல் அன்பு சுரப்பது அதனால்தானோ? அந்த அன்புக்கு ஏதாவது மதிப்பு உண்டா? நீங்களே சொல்லுங்கள்.

அமாவாசையன்று என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு அந்தப் படத்தின் முன்னால் தயங்கி நின்றாள்.

"இவ மஞ்சள் குங்குமத்தோட போனாளா, இல்லையான்னு தெரியலையே. எதைங்க வைக்கிறது?"

நான் பேசாமல் இருந்தேன். இருவருக்கும் சந்தனம் மட்டும் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏங்க, உங்க அத்தைப் பாட்டி படம் ஒண்ணு இருந்ததே, அது எங்கே?"