பின்னால் ஓடுவது

சினிமாவில் வாயசைப்பவர் ஒருவர். தொண்டை வறளப் பாடுகிறவர் வேறொருவர். அவருக்குப் பின்னணிப் பாடகர் என்று பெயர். இப்போது அந்தப் 'பின்னணி' கணிப்பொறிக்கும் வந்துவிட்டது.

வல்லம் வடகாலில் எனக்குத் தெரிந்த வீடு ஒன்று. வீடென்ன, ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும். அங்கே தம்பி 'பிளெண்டர்' என்ற மென்பொருளை வைத்துக்கொண்டு அசையும் படம் செய்கிறான். 2002-ல் பொதுமக்கள் ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி மீட்டுக் கொடுத்த மென்பொருள் அது. காசில்லாமல் கிடைக்கிறது, ஆனால் காலத்தை அல்லவா விலையாகக் கேட்கிறது! ஒளி எங்கே விழும், நிழல் எங்கே சாயும் என்று புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு ஒரு படம் தீர, அவன் பொறிக்கு ஐந்து நிமிஷம். விநாடிக்கு 24 படம் என்றால், ஒரு நிமிஷக் கதைக்கு 1,440 படம். 120 மணி நேரம். ஐந்து நாள், இரவும் பகலும்! ஆகவே அதைப் பின்னணியில் ஓடவிட்டு, முன்னால் வேறு வேலை பார்க்கிறான்.

அக்காளுக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. பொறி வாங்கியது அவள் சம்பளத்தில்தான். 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கு விடுதி திறந்த ஊர் இது. இங்கே பகல் தூக்கத்தைச் சோம்பல் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஒரு நாள் காலை நான் போயிருந்தபோது பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து பாயை விரித்தாள். கிராபிக்ஸ் கார்டின் விசிறி இரைந்துகொண்டிருந்தது. அறை கொதித்தது.

"அது பாட்டுக்குப் பின்னாடி ஓடுதுக்கா. ஒரு தொந்தரவும் இல்லே."

"யாருக்குடா பின்னாடி? என் தலைமாட்டிலேதானே கத்துது!"

அவன் பொய் சொல்லவில்லை. அந்த வேலைக்கு முன்னுரிமையைக் குறைத்து வைத்திருந்தான். திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவனுக்குப் பொறி வழிவிட்டது. பாயில் படுத்திருப்பவள் அதன் கணக்கில் இல்லை. பொறியை நொந்து என்ன பயன்? அடுத்த அறையில் மாவரைக்கும் சப்தத்தைப் பின்னணி என்றே எண்ணி இருபது வருஷம் கதை எழுதியவன் நான். அரைத்த கைக்கு அது பின்னணியாக இருந்திருக்குமா? ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

பையன் சற்று நேரம் திரையையே பார்த்தான். பிறகு நிறுத்திவிட்டான். முடிந்த படங்கள் தனித்தனியே சேமிப்பில் இருக்கும். நஷ்டம், பாதியில் நின்ற அந்த ஒரு படம் மட்டுமே. விசிறி ஓய்ந்தது. அக்காள் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தாள்.

சாயங்காலம் அவள் பஸ் ஏறியதும் 613-வது படத்திலிருந்து மறுபடி ஓடவிட்டான். அடுத்த வாரம் அவளுக்குப் பகல் ஷிப்டு.